கிருமியின் வழித்தடம்: தேங்காய்த் துருவல் முதல் கோழிப் பண்ணை வரை

கல்கிசையிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவருக்குத் திடீரென வயிற்றோட்டமும் காய்ச்சலும் கண்டால், வீட்டார் முதலில் கேட்கும் கேள்வி "கடைசியாக எங்கே சாப்பிட்டாய்?" என்பதேயாகும். பதிலும் தயக்கமின்றி வந்து விடுகின்றது. முந்திய இரவு கொத்துரொட்டி வாங்கிய கடை குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகின்றது. மறுநாள் மாலைக்குள் அக்கடையின் பெயர் அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதும் பரவி விடுகின்றது. ஆனால் மருத்துவம் கூறும் கணக்கு வேறு. சல்மொனெல்லா என்னும் பக்டீரியா உடலுள் புகுந்து 6 மணித்தியாலம் முதல் 3 நாட்கள் வரை கழிந்த பின்னரே நோயைக் காட்டும். கம்பைலோபக்டர் என்பது பெரும்பாலும் 2 முதல் 5 நாட்கள் எடுக்கும். நெருப்புக்காய்ச்சலுக்கோ ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை செல்லும். எனவே கடைசியாக உண்ட உணவின் மீது பழியைப் போடுவது பல வேளைகளில் நிரபராதியைத் தண்டிப்பதாகவே முடிகின்றது.

உண்மையான மூலத்தைத் தேடிக் கண்டறிவது இன்று விஞ்ஞானத்தின் தனித்துறையாக வளர்ந்து நிற்கின்றது. அத்துறையின் வரலாற்றில் எமது நாட்டுத் தேங்காய்க்கும் ஒரு தமிழ் பக்டீரியவியலாளருக்கும் இடமுண்டு என்பதைப் பலர் அறியார்.

சல்மொனெல்லா பிறப்பிலேயே விலங்கு மருத்துவத்தோடு தொடர்புடைய பெயராகும். 1885ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித் என்ற ஆய்வாளர் நோயுற்ற பன்றிகளிலிருந்து இவ்வினத்துக் கிருமியொன்றைப் பிரித்தெடுத்தார். அவருடைய மேலதிகாரியாகவிருந்த கால்நடை மருத்துவர் டானியல் சல்மனின் பெயரே பின்னர் அதற்குச் சூட்டப்பட்டது. தகரத்தில் அடைத்து வரும் சமன் மீனுக்கும் இதற்கும் எத்தொடர்பும் இல்லை. இவ்வினத்தில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் இதுவரை இனங்காணப்பட்டுள்ளன. நெருப்புக்காய்ச்சலைத் தரும் வகை மனிதனிடத்தில் மாத்திரமே வாழ்வது. ஏனையவற்றுள் மிகப் பெரும்பாலானவை கோழி, மாடு, ஆடு, பன்றி, எலி, ஆமை, பல்லி ஆகியவற்றின் குடல்களைத் தமது வீடாகக் கொண்டவை. அவ்விலங்குகளுள் பல நோயின் எவ்வித அறிகுறியுமின்றி நடமாடுகின்றன என்பதுதான் இங்குள்ள சிக்கல். நோயுற்ற மாட்டைக் கண்டால் எவரும் ஒதுங்குவர். ஆரோக்கியமான கோழியைக் கண்டு எவர் ஒதுங்குவர்?

இவ்வகைகளை வேறுபடுத்தி அறிவதே தேடலின் முதற்படியாகும். பக்டீரியாவின் உடற்பரப்பிலும் அதன் நுண்ணிய வால்களிலும் உள்ள பொருட்கள் வகைக்கு வகை மாறுபடும். 1920களிலும் 1930களிலும் பிரித்தானியரான புரூஸ் வைட், டென்மார்க்கில் பணியாற்றிய கவுஃப்மன் ஆகியோர் இவ்வேறுபாடுகளைக் கொண்டு ஒரு பட்டியலை வகுத்தனர். புதிய வகை கண்டறியப்படும் போது அது கிடைத்த ஊரின் பெயரையே இடுவது வழக்கமாயிற்று. அதன் விளைவாக உலகெங்கும் உள்ள ஆய்வுகூடங்களின் பட்டியலில் சல்மொனெல்லா கொழும்பு, சல்மொனெல்லா அங்கொடை, சல்மொனெல்லா யாழ்ப்பாணம் என்ற பெயர்கள் இடம்பெற்றுள்ளன. சென்னைக்கும் மதராஸ் என்ற பழைய பெயரில் ஒரு வகை உண்டு. ஊரின் பெயரை நோய்க்கு இடுவது அவ்வூர் மக்களுக்கு இழுக்கு எனக் கருதி, புதிய நோய்களுக்கு இடப்பெயர் சூட்ட வேண்டாமென உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் கேட்டுக்கொண்டது. எமது ஊர்ப் பெயர்களைப் பொறுத்தவரை அவற்றை அவமானமாகக் கொள்ள வேண்டியதில்லை. இந்நாட்டில் கிருமியைத் தேடிப் பிடித்துப் பெயரிடும் அளவுக்கு ஆய்வு நடந்தது என்பதற்கு அவை சாட்சி.

இனித் தேங்காய்க்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே உலர் தேங்காய்த் துருவல் இலங்கையின் முக்கிய ஏற்றுமதிப் பண்டமாக இருந்து வந்துள்ளது. குருநாகல், புத்தளம், கம்பஹா ஆகிய மாவட்டங்கள் அடங்கிய தெங்கு முக்கோணத்தில் ஆலைகள் பெருகின. பிரித்தானியாவின் வெதுப்பகங்கள் இத்துருவலைக் கேக்கின் மேல் தூவின. இனிப்புப் பண்டங்களில் கலந்தன. அங்குள்ள வெதுப்பகங்களைச் சுற்றி, நெருப்புக்காய்ச்சலின் தம்பி எனத்தக்க பாராதைபொயிட் காய்ச்சல் அவ்வப்போது தலைகாட்டி வந்தது. 1950களின் நடுப்பகுதியில் அதற்கான காரணங்களுள் ஒன்று சீனாவிலிருந்து உறைய வைத்து இறக்குமதி செய்யப்பட்ட முட்டைக் கலவை எனக் கண்டறியப்பட்டிருந்தது. 1953ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் பரவிய நெருப்புக்காய்ச்சலின் மூலம், பப்புவாவிலிருந்து வந்த தேங்காய்த் துருவல் எனத் தெரியவந்திருந்தது. ஆகவே 1959ஆம் ஆண்டளவில் பிரித்தானிய ஆய்வுகூடங்களின் பார்வை தேங்காய்த் துருவலின் மீது திரும்பியபோது அவற்றிடம் ஒரு முன்னுதாரணம் இருந்தது.

இலங்கைத் துருவலைச் சோதித்த போது அதில் சல்மொனெல்லாவின் பல வகைகள் கிடைத்தன. பாராதைபொயிட் கிருமியும் இருந்தது. நெருப்புக்காய்ச்சல் கிருமியுங்கூட இருந்தது. 1960ஆம் ஆண்டில் இவை அறிக்கைகளாக வெளிவந்தன. இந்தத் தேடலின் நடுநிலையமாக விளங்கியவை, இன்று எம்மவர் பலர் குடியிருக்கும் வடமேற்கு இலண்டனில், கொலின்டேல் என்ற இடத்தில் அமைந்திருந்த ஆய்வுகூடங்களாகும். அங்கு பயன்பட்ட கருவி நுட்பமானது. பக்டீரியாவையே தாக்கி அழிக்கும் வைரசுகள் உள்ளன. குறிப்பிட்ட வைரசு குறிப்பிட்ட பக்டீரியாவை மாத்திரமே அழிக்கும். எந்த வைரசுக்கு எது அழிகிறது, எது தப்புகிறது என்று பார்த்தால், ஒரே பெயருடைய கிருமிகளுக்குள்ளும் குடும்பங்களைப் பிரித்தறியலாம். நோயாளியின் குடலில் இருந்த கிருமியும் துருவலில் இருந்த கிருமியும் ஒரே குடும்பம் என்று காட்டினால் வழித்தடம் ஏறத்தாழ உறுதியாகி விடுகின்றது. பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஓர் ஆலையின் தரையை, இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றின் வெதுப்பகத்தோடு இவ்வாறு தொடர்புபடுத்த முடிந்தது.

உடையாத தேங்காயின் உட்பருப்பு தூய்மையானது. சிரட்டை அகற்றப்பட்டு, பழுப்புத் தோல் சீவப்பட்ட பின்னரே அது ஆபத்துக்கு உள்ளாகின்றது. தரையில் குவிக்கப்பட்ட மட்டை உரித்த காய்கள், அவற்றில் ஒட்டிய மண், கழுவும் நீர், தொழிலாளரின் கைகள், மொய்க்கும் ஈக்கள், கூரையில் ஓடும் பல்லி, இரவில் உலாவும் எலி என ஒவ்வொன்றும் கிருமிக்கு வாயிலாகலாம். உலர்த்தும் வெப்பம் கிருமிகளைக் கொன்றுவிடும் என நம்பியிருந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. நீர் குறைந்து கொழுப்பு நிறைந்த பண்டத்தில் சல்மொனெல்லா வெப்பத்தை எளிதில் தாக்குப்பிடிக்கும். பின்னர் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். கப்பலில் சென்று, பொதியிலிருந்து கேக்கின் மேல் தூவப்பட்டு, ஒரு குழந்தையின் வயிற்றை அடைந்த பின் விழித்துக்கொள்ளும்.

அந்நியச் செலாவணிக்கு ஆபத்து வந்தவுடன் இங்கு சுறுசுறுப்பு பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் உலர் தேங்காய்த் துருவல் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் கடுமையான ஒழுங்குவிதிகள் வந்தன. துருவுவதற்கு முன்னர் பருப்பைக் கொதிநீரில் அமிழ்த்துதல், தூய நீரால் கழுவுதல், ஏற்றுமதிச் சரக்கைப் பக்டீரியச் சோதனைக்கு உட்படுத்தல் என்பன நடைமுறையாயின. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் 1900ஆம் ஆண்டு முதல் இயங்கி வருவது. அங்கு பணியாற்றிய பக்டீரியவியலாளர் ரி. வேலாயுதபிள்ளையும் அவருடைய சகாக்களும் இந்நாட்டில் சல்மொனெல்லா வகைகளைத் தேடித் தொகுத்தவர்களுள் முக்கியமானவர்கள். சமைக்காத உணவுகளில் சல்மொனெல்லா, வயிற்றுளைவுக் கிருமி, ஈ.கோலி ஆகியவை பற்றி அவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையொன்று 1969ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சுகாதாரவியல் சஞ்சிகையில் வெளியாயிற்று. அதே ஆண்டு, அதே சஞ்சிகையில், தேங்காய்த் துருவல் மாசடைவது குறித்து மெதெனிய என்ற ஆய்வாளரின் கட்டுரையும் வந்தது. இன்றைய வசதிகளில் ஒன்றுமில்லாத காலத்தில், சோதனைக் குழாயையும் உருப்பெருக்கியையும் வைத்துக்கொண்டு செய்யப்பட்ட பணி இது. தொழிலும் தப்பியது, இன்றுவரை துருவல் ஏற்றுமதியாகின்றது.

சைவ உணவினர் தமக்கு இதில் பங்கில்லை என எண்ணுவதுண்டு. இக்கதையின் நாயகன் தேங்காய் என்பதை அவர்கள் மறக்கலாகாது. கோழி எருவும் மாட்டெருவும் இட்டு வளர்ந்த கீரையைப் பச்சையாகச் சம்பல் செய்பவருக்கும் விலங்குக் குடலுக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவே.

மூலத்தைத் தேடும் பணி தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஜேர்மனி 2011ஆம் ஆண்டில் ஓர் உதாரணமாயிற்று. அங்கு ஈ.கோலியின் கொடிய வகையொன்று பரவி, 3,800க்கும் மேற்பட்டோரைப் பீடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மே 26ஆம் திகதி ஹம்பேர்க் நகர அதிகாரிகள் ஸ்பானிய வெள்ளரிக்காயின் மீது குற்றம் சுமத்தினர். அதில் ஈ.கோலி இருந்தது உண்மை; நோயைத் தந்த ஈ.கோலி இருக்கவில்லை. சில நாட்களில் இது தெளிவானது. அதற்குள் ஸ்பானிய விவசாயிகளின் விளைச்சல் குப்பைக்குப் போய்விட்டது. உண்மையான மூலம் வெந்தய முளை. எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையை ஜேர்மனியப் பண்ணையொன்று முளைக்க வைத்து விற்றிருந்தது. அதனைக் கண்டறிந்த முறை வியப்புக்குரியது. நோயாளிகளிடம் "என்ன உண்டீர்கள்?" என்று கேட்ட போது, தட்டின் ஓரத்தில் அலங்காரமாகத் தூவியிருந்த முளை பெரும்பாலோருக்கு நினைவில்லை. எனவே ஆய்வாளர்கள் உணவகத்தின் சமையற்காரரிடம் சென்று ஒவ்வோர் உணவிலும் என்னென்ன இட்டார் எனக் கேட்டனர். நோயாளி மறந்ததைச் சமையற்குறிப்பு சொன்னது. இத்தகைய நச்சை உண்டாக்கும் ஈ.கோலியின் வழக்கமான உறைவிடம் மாட்டின் குடல். ஆனால் இந்தக் குறிப்பிட்ட கிருமி மனிதரிடையே வாழ்ந்த ஒரு வகையிலிருந்து தோன்றியது என்பதே ஆய்வாளரின் முடிவு. எல்லாப் பழியையும் விலங்கின் தலையில் சுமத்துவதும் சரியன்று.

ஸ்பானிய விவசாயி இழந்தது பணம். எமது நாட்டில் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்றில் உணவில் காணப்பட்ட கட்டியொன்று மலடாக்கும் மாத்திரை எனக் கூறப்பட்டது. சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர் அச்சத்தில் கூறிய பதில் ஒப்புதலாகக் காணொளியில் பரப்பப்பட்டது. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அதனைச் சோதித்து, அது மாவுக் கட்டி எனவும் மருந்து எதுவும் இல்லை எனவும் அறிவித்தார். இது கிருமி பற்றிய சம்பவமன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் உணவின் மீதான ஐயம் இந்நாட்டில் எவ்வளவு விரைவாக இனத்தின் மீதான ஐயமாக மாறுகின்றது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் இல்லை. ஆய்வுகூடத்தின் பதில் வதந்தியைவிட நாட்கணக்கில் பிந்தி வந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான் இறைச்சியாயினும், தீபாவளிக்கு வாங்கும் ஆட்டிறைச்சியாயினும், விலங்கின் குடலிலுள்ளது இறைச்சியில் பட்டால் கிருமி பரவும். படாமல் பார்த்துக்கொண்டால் ஆபத்துப் பெரிதும் குறையும். அறுத்தவர் யார் என்று கிருமி பார்ப்பதில்லை.

சரியான தேடல் என்ன பயன் தரும் என்பதை நியூசிலாந்து காட்டியுள்ளது. நாற்பது இலட்சம் அளவிலான மக்களைக் கொண்ட அந்நாட்டில் 2006ஆம் ஆண்டில் மாத்திரம் 15,000க்கும் மேற்பட்டோர் கம்பைலோபக்டர் நோயாளிகளாகப் பதிவாகினர். பறவையின் உடல் வெப்பம் மனிதனுடையதைவிடக் கூடியது. கம்பைலோபக்டருக்கு அவ்வெப்பமே மிக உகந்தது. ஆயினும் செம்மறியும் மாடும் நிறைந்த நாட்டில் குற்றவாளி கோழிதான் என எவ்வாறு சொல்வது? மாசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகளிடமிருந்தும், கோழி இறைச்சியிலிருந்தும், மாடு, செம்மறி ஆகியவற்றிலிருந்தும், ஆற்று நீரிலிருந்தும் கிருமிகளை ஒரே காலப்பகுதியில் சேகரித்தனர். அவற்றின் மரபணுக்கள் சிலவற்றின் எழுத்து வரிசையை ஒப்பிட்டனர். நோயாளிகளின் கிருமிகளுட் பெரும்பகுதி கோழியின் கிருமியோடு ஒத்துப்போனது. சான்று கையில் கிடைத்ததும் அரசு கோழி பதனிடும் நிலையங்களுக்குக் கட்டாய இலக்குகளை விதித்தது. 2008ஆம் ஆண்டில் நோயாளரின் தொகை 2006இல் இருந்ததன் பாதிக்கும் குறைவாயிற்று. கோழி விற்பனைக்குத் தடையில்லை. எவருடைய கடையும் எரியவில்லை.

பிரித்தானியாவின் முட்டைக் கதையும் இவ்வாறானதே. 1980களில் சல்மொனெல்லா என்டெரிடிடிஸ் என்ற வகை கோழியின் சூலகத்துக்குள்ளேயே புகுந்து, ஓடு உருவாகும் முன்னரே முட்டைக்குள் குடியேறியது. 1988ஆம் ஆண்டு டிசம்பரில் இதனை மிகைப்படுத்திக் கூறிய சுகாதாரத் துணை அமைச்சர் எட்வினா கரி பதவி துறக்க நேர்ந்தது. பத்தாண்டுகளின் பின் முட்டையிடும் கோழிகளுக்குத் தடுப்பூசி ஏற்றும் திட்டம் வந்தது, நோய் வீழ்ந்தது. 2017ஆம் ஆண்டில் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்த முட்டைகளை அரைவேக்காட்டிலும் உண்ணலாம் என அந்நாட்டின் உணவுத் தர முகவரகம் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதியோருக்குங்கூட அனுமதியளித்தது. பூப்பெய்திய பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கமுடைய எம்மவர் இதனைத் தவறாக வாசிக்கலாகாது. அந்த அனுமதி அங்குள்ள முட்டைக்கு உரியது. ஊசி ஏற்றி, முத்திரை குத்தி, பண்ணையைத் தேடிப்பிடிக்கத்தக்க முட்டைக்கு உரியது.

எமது நிலை என்ன? அன்றைய தெங்கு முக்கோணமே இன்று கோழிப் பண்ணைகளின் பிரதான வட்டாரமும் ஆகும். இங்குள்ள கோழிகளின் குடலில் கம்பைலோபக்டர் பரவலாக உள்ளதைப் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீட ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் இணைந்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்டுள்ளனர். மனித நோயாளியின் மாதிரி பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு உரியது. கோழியின் மாதிரி பேராதனையை அடுத்த கன்னொறுவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவகத்துக்கு உரியது. முன்னையது சுகாதாரத் துறை. பின்னையது விவசாயத்தையும் கால்நடையையும் சார்ந்த துறை. உணவு நஞ்சாதலும் வயிற்றுளைவும் நெருப்புக்காய்ச்சலும் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களாக இருப்பதும், தொற்றுநோயியல் பிரிவு அவற்றை மாவட்ட வாரியாக வாராந்தம் வெளியிட்டு வருவதும் பாராட்டுக்குரியவை. ஆனால் "உணவு நஞ்சாதல்" என்பது நோயின் பெயரேயன்றிக் கிருமியின் பெயரன்று. எத்தனை பேர் என்று அந்த எண் கூறும். எந்தப் பண்ணை, எந்த லொறி, எந்தக் குளிர்பெட்டி என்று கூறாது.

கல்கிசையில் வசிக்கும் ஒருவர் வெள்ளவத்தையில் உண்கின்றார் என வைத்துக்கொள்வோம். அவருடைய வீடு தெஹிவளை - கல்கிசை மாநகர சபைக்கு உட்பட்டது. உணவகம் கொழும்பு மாநகர சபைக்கு உட்பட்டது. கோழி வந்ததோ குருநாகலிலிருந்து. மூன்று எல்லைகளைத் தாண்டிய கிருமியை ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தமது சைக்கிளில் துரத்திப் பிடிக்க இயலாது. அவர் செய்யக்கூடியது கடையின் சமையலறையைப் பார்த்து, கரப்பான் பூச்சி ஓடினால் வழக்குத் தொடர்வது. அதுவும் வேண்டியதே. எனினும் சுத்தமான சமையலறைக்குள் மாசடைந்த கோழி வந்து சேர்வதை அது தடுப்பதில்லை.

கிருமியின் முழு மரபணுத் தொகுதியையும் எழுத்தெழுத்தாக வாசிக்கும் தொழில்நுட்பம் இன்று உள்ளது. பிரித்தானியா 2014ஆம் ஆண்டளவிலிருந்து தன் சல்மொனெல்லா மாதிரிகளை அவ்வாறே வாசித்து வருகின்றது. அமெரிக்காவின் பல்ஸ்நெட் என்ற வலையமைப்பு 2019ஆம் ஆண்டில் முழுமையாக அதற்கு மாறியது. அங்கு 2017ஆம் ஆண்டில் உறைய வைத்த தேங்காய்த் துருவலால் 27 பேர் நோயுற்ற போது, ஒன்பது மாநிலங்களில் சிதறிக் கிடந்த நோயாளிகளை ஒரே பண்டத்தோடு இணைக்க முடிந்தது இந்த வாசிப்பினாலேயே. அது வியட்நாமியத் தேங்காய். அறுபது ஆண்டுகளின் பின்னரும் அதே பண்டம், அதே கிருமி இனம். தொழில்நுட்பம் எமக்கு எட்டாததன்று. கொவிட் காலத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைரசின் திரிபுகளை நாட்டுக்கு அவ்வப்போது அறிவித்தது இவ்வாறான வாசிப்பைக் கொண்டுதான். கல்கிசையிலிருந்து சிறிது தூரத்தில், நுகேகொடையில் அமைந்த பல்கலைக்கழகம் அது.

ஆனால் எந்த இயந்திரத்துக்கும் முதலில் ஒரு மாதிரி வேண்டும். வயிற்றோட்டத்தோடு வரும் நோயாளிக்கு உடனடியாக நுண்ணுயிர்க்கொல்லி எழுதிக் கொடுத்து அனுப்புவது தனியார் மருத்துவத்தில் சாதாரணமாகி விட்டது. சாதாரண வயிற்றோட்டத்துக்கு அம்மருந்து பெரும்பாலும் தேவையில்லை, ஜீவனியே போதும். மருந்தை விழுங்கிய பின் மலத்தைச் சோதித்தால் கிருமி வளராது போகலாம். அத்துடன் வழித்தடமும் அறுந்து விடும். காய்ச்சலும் இரத்தமும் கலந்த வயிற்றோட்டம் என்றால், ஒரே வீட்டில் இருவர் மூவர் விழுந்தால், முதல் மாத்திரைக்கு முன்னர் மலப் பரிசோதனை வேண்டுமென நோயாளியே வைத்தியரிடம் கேட்கலாம். பொரளையில் வளரும் கிருமியையும் கன்னொறுவையில் வளரும் கிருமியையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடுமாறு இரு அமைச்சுகளையும் கேட்பது, வாக்காளர் என்ற வகையில் எமது வேலை. 1960களின் தொடக்கத்தில் இலண்டன் வெதுப்பகத்தின் வாடிக்கையாளருக்காக இந்நாடு தனது ஆலைகளை ஒழுங்குபடுத்தியது. வெள்ளவத்தைச் சந்தையில் கோழி வாங்குபவர் கேட்பதும் அதே சோதனையைத்தான்.